பில்ட்ரூட்: கர்னலை 6.1-லிருந்து 6.6-க்கு மாற்றினால் பில்ட் நின்றுவிடுகிறது

கேள்வி:
போர்டு பீகிள்போன் பிளாக் (சிறிய ஆர்ம் கணினி). அதற்கான லினக்ஸ் இமேஜைக் கட்டுவது பில்ட்ரூட். பில்ட்ரூட்டே கட்டும் டூல்செயின் (கம்பைலர் தொகுப்பு), ஜிலிப்சி (சி நூலகம்). கர்னல் மெனுவில் ‘கஸ்டம் வெர்ஷன்’ 6.1 வரிசையில் இருந்தது. எண்ணை மட்டும் 6.6 வரிசைக்கு மாற்றி மேக் கொடுத்தால், ‘இன்கரெக்ட் செலக்‌ஷன் ஆஃப் கர்னல் ஹெடர்ஸ்: எக்ஸ்பெக்டட் 6.1.எக்ஸ், காட் 6.6.எக்ஸ்’ என்று நிற்கிறது. ஹெடர் (கர்னலின் இடைமுகத்தை நிரல்களுக்குச் சொல்லும் கோப்புகள்) வரிசையையும் மாற்றினேன். இப்போது ‘ஏஎம்335எக்ஸ்-போன்பிளாக்.டிடிபி’ (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பு) உருவாக்க விதியே இல்லை என்கிறது. பேசாமல் ‘லேட்டஸ்ட் வெர்ஷன்’ வைத்துவிடலாமா?

பதில் 1:
இரண்டாவது பிழைக்குக் காரணம் பில்ட்ரூட் இல்லை. கர்னல் 6.5-ல் 32-பிட் ஆர்ம் டிவைஸ் ட்ரீ கோப்புகளை நிறுவனவாரியாகத் துணை அடைவுகளுக்கு நகர்த்திவிட்டார்கள். டிடிஎஸ் (டிடிபி-யின் மூலக் கோப்பு) பெயர் கேட்கும் இடத்தில் ‘டிஐ/ஓமேப்/ஏஎம்335எக்ஸ்-போன்பிளாக்’ என்று கொடுங்கள். இமேஜஸ் அடைவுக்கு டிடிபி பழையபடி வெறும் பெயரோடுதான் வரும். அதனால் யு-பூட் (கர்னலை ஏற்றும் பூட்லோடர்) ஸ்கிரிப்டில் கை வைக்க வேண்டாம். சொந்தமாக எழுதிய டிடிஎஸ் இருந்தால் அதில் உள்ள இன்க்ளூட் வரிகளுக்கும் இதே பாதை வேண்டும்.

‘லேட்டஸ்ட்’ வேண்டவே வேண்டாம். பில்ட்ரூட்டை ஏற்றும் அன்று நீங்கள் கேட்காமலேயே கர்னலும் மாறிவிடும். கர்னலை கிட் களஞ்சியத்திலிருந்து எடுப்பவர்களுக்கும் ஒன்று: கிளைப் பெயர் கொடுக்காதீர்கள். இறக்கியவை சேரும் டிஎல் அடைவில் அந்தப் பெயரில் ஒரு டார் கோப்பு இருந்தால் பில்ட்ரூட் மறுபடி இறக்காது. ஒரே கான்ஃபிக், இரண்டு கணினி, இரண்டு வேறு கர்னல் என்று ஆகும். 40 எழுத்து கமிட் ஹாஷை முழுசாகக் கொடுங்கள்.

பதில் 2:
ஹெடர் வரிசையை மாற்றியதும் ‘மேக் கிளீன்’ கட்டாயம். டூல்செயின், அதன்மேல் கட்டிய ஜிலிப்சி எல்லாம் பழைய ஹெடரில்தான் நிற்கின்றன. கிளீன் செய்யாவிட்டால் இன்னொரு வில்லங்கம்: டார்கெட் அடைவின் லிப்/மாட்யூல்ஸுக்குள் 6.1-ன் அடைவு அப்படியே கிடக்கும். பேக்கேஜாகச் சேர்த்த வெளி மாட்யூல்கள் ‘ஏற்கெனவே கட்டியாயிற்று’ என்று மறுபடி கம்பைல் ஆகா. இமேஜ் எந்தப் பிழையும் காட்டாமல் முடியும், போர்டில் மாட்யூல் மட்டும் ஏறாது.

கர்னல் கான்ஃபிக்கையும் பாருங்கள். பெயர் மாறிய ஆப்ஷன்கள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். பழைய, புதிய டாட்-கான்ஃபிக் இரண்டையும் கர்னல் சோர்ஸில் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள ‘டிஃப்கான்ஃபிக்’ கொண்டு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

கேட்டவர்:
டிடிபி சரியாகிவிட்டது, நன்றி. எங்கள் போர்டில் ரூட்எஃப்எஸ் (ரூட் கோப்பு முறைமை) ஏ, பி என இரண்டு. கர்னல் தனி பூட் பார்ட்டிஷனில் ஒன்றே ஒன்று. கர்னலை மட்டும் 6.1-க்குத் திருப்ப வேண்டி வந்தால் சிக்கல் உண்டா?

பதில் 2:
உண்டு. ஹெடர் எப்போதும் ஓடும் கர்னலைவிடப் பழையதாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். பில்ட்ரூட் அந்த ஹெடர் வரிசையையே ஜிலிப்சிக்குக் குறைந்தபட்ச கர்னலாகச் சொல்லிவிடுகிறது. 6.6 ஹெடரில் கட்டிய ரூட்எஃப்எஸ் 6.1-ல் ஏறினால், பழைய ஜிலிப்சி ‘ஃபேட்டல்: கர்னல் டூ ஓல்ட்’ என்று முதல் நிரலான இனிட்டிலேயே செத்துவிடும், அடுத்து கர்னல் பேனிக். புதிய ஜிலிப்சியில் அந்தச் சோதனையை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் அதிகம் பயம்: போர்டு எழும், 6.1-ல் இல்லாத சிஸ்டம் காலுக்கு (நிரல் கர்னலிடம் கேட்கும் சேவை) மாற்றுவழி இல்லாமல் ஏதோ ஒரு நிரல் எப்போதோ விழும்.

உங்கள் அமைப்புக்கு டூல்செயின் மெனுவில் ‘சேம் அஸ் கர்னல்’ என்பதை விட்டு, 6.1.எக்ஸ் ஹெடரை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். கர்னல் 6.6-லேயே இருக்கட்டும். களத்தில் உள்ள எந்தப் போர்டும் இனி 6.1-க்குத் திரும்பாது என்று உறுதியானபின் ஹெடரை ஏற்றலாம்.

பதில் 1:
இறக்கும் கோப்புகளுக்கு ஹாஷ் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தால், குளோபல் பேட்ச் அடைவில் ‘லினக்ஸ்/லினக்ஸ்.ஹாஷ்’ கோப்பில் 6.6 டார் கோப்பின் ஷா256-ஐச் சேர்க்க மறக்காதீர்கள். ‘சேம் அஸ் கர்னல்’ வைத்திருப்பவர்கள் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்’ அடைவிலிருந்து அதற்கே ஒரு சிம்லிங்க் போட்டால் போதும்.