மருந்து விடாமல் விழித்திரையைப் பரிசோதிக்க முடியாதா?

கேள்வி:
என் தந்தைக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இருப்பதால், ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற முறை கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட பிறகு இரவு வரை எழுத்துகள் மங்கலாகவே தெரிந்ததால், இனி அந்த மருந்தே வேண்டாம் என்கிறார். படம் மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாதா? இம்மருந்து கண் அழுத்தத்தைக் கூட்டும் என்பதும் உண்மையா?

பதில் 1:
முதற்கட்டச் சோதனைக்குப் படம் உதவும். ஆனால் மருந்து விடாமல் படமெடுக்கும் வழக்கமான கேமராக்கள் விழித்திரையின் நடுவில் ஏறத்தாழ 45 பாகைப் பரப்பையே பதிவு செய்வதால், ஓரத்தில் இருக்கும் கிழிசலோ இரத்தக்கசிவோ அதில் விடுபட்டுப்போகலாம். முதியவர்களுக்குப் பாவை சிறுத்து, கண்புரையும் தொடங்கியிருந்தால் படமே தெளிவாக விழாது. பெரும்பாலும் பயன்படுத்தப்படும் டிரோபிகமைடு, பாவையைச் சுருக்கும் தசையோடு, கிட்டப் பார்வைக்காகக் குவியத்தைச் சரிசெய்யும் தசையையும் தளர்த்திவிடுகிறது. எழுத்து மங்கியது அதனால்தான். பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு மறுநாள் வரை நீடிப்பதுண்டு.

பதில் 2:
அழுத்தம் பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று, ஆனால் எல்லோருக்கும் பொருந்துவதுமன்று. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் இயல்பிலேயே குறுகியிருப்பவர்களுக்கு, பாவை விரியும்போது அக்கோணம் அடைபட்டு அழுத்தம் திடீரென ஏறக்கூடும் என்பதால், மருந்து விடுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது முறை. வீடு திரும்பிய பின் கடும் கண்வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை தோன்றினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை நான் அதிகம் கவனிக்கச் சொல்வது இரத்தக் கொதிப்பைத்தான். டிரோபிகமைடுடன் சேர்த்து விடப்படும் ஃபினைலெஃப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கக்கூடியது. அதிலும் 10 சதவீதக் கரைசலை இதய நோயும் கொதிப்பும் உள்ளவர்களுக்குத் தவிர்ப்பார்கள். ஆகவே, அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலைச் சொட்டு விடுவதற்கு முன்பே காட்டுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்ணின் ஓரத்தை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால், மருந்து கண்ணீர்க் குழாய் வழியே உடலுக்குள் இறங்குவது குறையும். சற்று நேரத்தில் தொண்டையில் கசப்புத் தெரிவது அப்படி இறங்கிய மருந்தினால்தான்.

பதில் 3:
குளிர்கண்ணாடி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அன்று அவர் வண்டி ஓட்டவும் கூடாது. மாலை நேரத்தில் பரிசோதனைக்குப் பதிவு செய்தால், மங்கலான நேரத்தின் பெரும்பகுதி உறக்கத்திலேயே கழிந்துவிடும்.