ஆக்‌ஷன் பெட்டிங்: லக்கில் டேப் எங்கே, திருகு எவ்வளவு இறுக்கம்?

கேள்வி:
மர ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை), போல்ட் ஆக்‌ஷன் (குழல் பொருந்தி, போல்ட் ஓடும் இரும்புப் பகுதி), இலக்குச் சுடுதலுக்கான ரைஃபிள். டயல் கேஜைக் குழலில் மாட்டி, ஊசிமுனையை ஸ்டாக்கின் முன்நுனியில் வைத்து ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிணைக்கும் முன் திருகைத் தளர்த்தினால் 0.2 மி.மீ. நகர்கிறது. பெட்டிங் (ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் எப்பாக்ஸி வைத்து, அதன் வடிவத்துக்கே பதிய வைப்பது) போடப் போகிறேன். ரீகாயில் லக்கில் (ஆக்‌ஷனின் அடியில் நீட்டி நிற்கும், உதைப்பைத் தாங்கும் துண்டு) எந்தப் பக்கமெல்லாம் டேப் ஒட்டணும்? எப்பாக்ஸி இறுகும்வரை திருகை எவ்வளவு முடுக்கணும்?

பதில் 1:
0.05 மி.மீ. தாண்டினாலே ஆக்‌ஷன் வளைந்து உட்காருகிறது என்று அர்த்தம், 0.2 நிறைய. லக்கின் முன்முகம், இரண்டு பக்கவாட்டு, அடி, நான்குக்கும் ஒரு சுற்று டேப். பின்முகத்தில் மட்டும் கூடாது. உதைப்பு ஸ்டாக்குக்குப் போவது அந்த முகம் வழியாகத்தான், அது எப்பாக்ஸியில் முழுசாகப் பதியணும்.

திருகை முடுக்கவே வேண்டாம். முடுக்கினால் இப்போதிருக்கும் வளைவு அப்படியே எப்பாக்ஸியில் அச்சாகிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். தலையில்லாத வழிகாட்டித் திருகு இரண்டு போட்டு, ரப்பர் குழாயால் லேசாகச் சுற்றிக் கட்டினால் போதும். குழல் நடுவில் நிற்க, ஸ்டாக்கின் முன்நுனிக்கு நேராகக் குழலில் டேப் சுற்றுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: ஆக்‌ஷனே ஸ்டாக்கை விட்டு வராது. எப்பாக்ஸி ஒட்டாமலிருக்க ஆக்‌ஷனில் பூசும் மெழுகு போதாதது ஒரு காரணம். பெரும்பாலும், ஏதோ ஒரு குழிக்குள் எப்பாக்ஸி புகுந்து ஆணிபோலப் பூட்டிக்கொள்வதுதான். ட்ரிக்கரைக் கழற்றி, பின் (pin) துளை, மேகசின் வாய், எல்லாக் குழியையும் மாடலிங் களிமண்ணால் அடைத்து மட்டமாக வழித்துவிடுங்கள். மெழுகை இரண்டு தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் துடையுங்கள். வழிகாட்டித் திருகின் மரைக்கும் பூசணும், அதைத்தான் மறப்பார்கள்.

மரத்தை 2-3 மி.மீ. சுரண்டி எடுத்தால்தான் எப்பாக்ஸிக்குக் கனம் கிடைக்கும். சுரண்டிய இடம் சொரசொரப்பாகவே இருக்கட்டும், பிடிப்பு வரும்.

கேள்வி கேட்டவர்:
மெழுகு பூசியும் ஒட்டிக்கொண்டால்?

பதில் 2:
சுத்தியல் வேண்டாம். ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். இரும்பும் எப்பாக்ஸியும் ஒரே அளவில் சுருங்காது, பிடி விடும்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போச்சு. இறுகியதும் திருகுத் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். திருகின் உடல் சுவரில் உரசினால் உதைப்பு லக்குக்குப் போகாமல் திருகில் விழும். கடைசியில் ஆக்‌ஷன் திருகை, வெறும் மரமென்றால் 4 நியூட்டன் மீட்டர், திருகுத் துளையில் அலுமினியத் தூண் போட்டிருந்தால் 7 வரை முடுக்கலாம். பிறகு டயல் கேஜை மறுபடி மாட்டிப் பாருங்கள்.