சைவமா அசைவமா: நம்ம நெல்லைத் தட்டில் எது உடம்புக்கு நல்லது?

குறுக்குத்துறையான்:
கார்த்திகையில் மாலை போட்டவர்கள் "உடம்பு லேசா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்வதை வருஷா வருஷம் கேட்கிறேன். தை பிறந்ததும் அதே ஆட்கள் கறிக்கடை வாசலில் நிற்கிறார்கள். நல்லா இருந்த உடம்பை ஏன் மறுபடி கெடுக்கணும்?

நான் பக்தியை வைத்துப் பேசவில்லை. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த 73,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அசைவக்காரர்களைவிடச் சைவக்காரர்களிடம் இறப்பு விகிதம் 12 சதவீதம் குறைவு. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே அறிவித்தது. ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் அதற்கு அடுத்த பிரிவில், 'அநேகமாக உண்டாக்கும்' என்று. சொதியும் கூட்டாஞ்சோறும் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் இருக்கிற ஊரில் கறி எதற்கு?

உவரிக்கடல்:
அண்ணாச்சி, மாலை போட்டவன் கறியை மட்டுமா விட்டான்? தண்ணி இல்ல, பீடி சிகரெட் இல்ல, ராத்திரி பத்து மணிக்குப் புரோட்டா சால்னா இல்ல. விடியக்காலம் எந்திரிச்சு வெறுங்காலோட கோயிலுக்கு நடக்கான். லேசா ஆனது எதனாலன்னு எப்படிப் பிரிச்சுச் சொல்லுவீங்க?

அந்த அட்வென்டிஸ்ட் ஆய்வை நானும் படிச்சிருக்கேன். 12 சதவீதக் கணக்குல மீன் சாப்பிடுறவங்களையும், எப்பவாவது கறி சாப்பிடுறவங்களையும் சேர்த்துத்தான் 'சைவம்'னு எண்ணியிருக்காங்க. தனித்தனியாப் பார்த்தா பாலும் முட்டையும் சாப்பிட்ட சைவருக்கு 9 சதவீதம் குறைவு, கறியை விட்டுட்டு மீன் மட்டும் சாப்பிட்டவங்களுக்கு 19. பதப்படுத்திய இறைச்சின்னா சாசேஜ், பேக்கன் மாதிரி சாமான். எங்க ஊர்ல காலைல வலையில வந்த சாளை மத்தியானம் சட்டியில கிடக்கும். அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுப் பேசாதீங்க.

குறுக்குத்துறையான்:
அதே ஆய்வில் பால், முட்டைகூட எடுக்காதவர்களுக்கு 15 சதவீதம் குறைவு என்று இருப்பதையும் சொல்லியிருக்கலாமே தம்பி. மீன் ஒன்றும் அந்த முகமையின் பட்டியலுக்கு வெளியே இல்லை. சீன முறையில் உப்பிட்ட மீன் முதல் பிரிவிலேயே இருக்கிறது. கருவாடு போடாத கடற்கரை வீடு உண்டா?

உவரிக்கடல்:
அது மூக்குக்குப் பின்னால தொண்டையில வர்ற புற்றுநோயை வச்சு, அவங்க பதம் பண்ணுற ஒரு குறிப்பிட்ட வகை மீனுக்குச் சொன்னது. நம்ம கருவாட்டுல எனக்கும் கவலை உண்டு, அது உப்பால. பிரஷர்காரங்க வீட்டுல நாங்களே குறைச்சுட்டோம். நான் பேசுறது பச்சை மீனைப் பத்தி.

லேப்காரன்:
நான் பாளையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பி12 என்கிற வைட்டமின் குறைவாக வரும் ரிப்போர்ட்டுகளைத் தினம் கையில் எடுப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன்: சைவக்காரர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பி12 எந்தக் கீரையிலும் இல்லை, எந்தப் பருப்பிலும் இல்லை. அதை உண்டாக்குவது பாக்டீரியா. அது நமக்கு வந்து சேருவது ஆடு, மாடு, மீன், முட்டை, பால் வழியாக. ஒரு நாளைக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல். 100 மில்லி பாலில் அரை மைக்ரோகிராம் அளவுக்குத்தான் இருக்கும். காப்பிக்கு ஊற்றுகிற பாலும், சாப்பாட்டு முடிவில் ஒரு கரண்டி நீர்மோரும் எப்படிப் போதும்? 100 கிராம் சாளையில் பல நாளைக்கு ஆனதே இருக்கிறது.

குறைந்தால் உள்ளங்கால் மதமதப்பு, எரிச்சல், கிறுகிறுப்பு, மறதி. சுகர் இருப்பவர்கள் "இது சுகரால வர்ற கால் எரிச்சல்" என்று நினைத்து வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சுகருக்குப் போடும் மெட்பார்மினை நீண்டகாலம் எடுத்தாலும் பி12 குறையும். சைவமாக இருந்து மெட்பார்மினும் போடுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. நரம்பு ரொம்ப நாள் கெட்டுப்போனால் முழுசாகத் திரும்புவது கஷ்டம்.

குறுக்குத்துறையான்:
எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சைவம். ஆச்சி 90 வயது வரை படித்துறைக்கு நடந்து போய்க் குளித்து வந்தாள். அவளுக்கு யார் பி12 பார்த்தது?

லேப்காரன்:
யாரும் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம் அண்ணாச்சி. நடந்துபோன ஆச்சி நம் நினைவில் நிற்கிறாள். 'வாய்வு', 'வயசாயிட்டு' என்று திண்ணையில் உட்கார வைக்கப்பட்ட ஆச்சிகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டு மாட்டுப் பாலும் கட்டித் தயிருமாக இருந்த வீடு வேறு, அரை லிட்டர் பாக்கெட்டில் நாலு பேர் காப்பி குடிக்கிற வீடு வேறு.

பாளை டீச்சர்:
இரண்டு பக்கமும் தனக்கு வேண்டிய எண்ணை மட்டும் எடுக்கிறீர்கள். இங்கிலாந்தில் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு சுமார் 48,000 பேரை 18 வருஷம் தொடர்ந்து பார்த்தது. 2019-ல் வந்த முடிவு: அசைவக்காரர்களைவிடச் சைவக்காரர்களுக்கு இருதய ரத்தக்குழாய் நோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். சதவீதத்தை ஆளாக மாற்றிப் பாருங்கள். ஆயிரம் பேரில் பத்து வருஷத்தில் இருதய நோயாளிகள் 10 பேர் குறைவு, பக்கவாதம் 3 பேருக்குக் கூடுதல். கூட்டிக் கழித்தால் சைவத்துக்குக் கொஞ்சம் லாபம்தான். ஆனால் அது இங்கிலாந்துத் தட்டு. அவர்கள் கறியை விட்டால் அந்த இடத்தில் பயறும் காயும் வருகிறது. நம்ம ஊரில் கறியை விட்டால் அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறு வருகிறது.

அம்பை விவசாயி:
டீச்சர் சொன்னதுதான் சரியான இடம். நான் நெல் போடுகிறவன், சோற்றைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் கல்யாணப் பந்தியில் கவனியுங்கள். சாம்பாருக்கு ஒருதரம் சோறு, புளிக்குழம்புக்கு ஒருதரம், ரசத்துக்கு, மோருக்கு. நாலுதரம் சோறு விழுந்த இலையில் பருப்பு மொத்தம் ரெண்டு கரண்டி தேறாது. அந்தச் சாம்பாரும் பாதி தண்ணி. அசைவப் பந்தியிலும் நாலு துண்டு கறியைக் காட்டி ஒரு படி சோற்றை இறக்குகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வந்தபோது தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம், நாட்டு சராசரி 11.4. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் அசைவம். கறி காப்பாற்றவில்லையே.

உவரிக்கடல்:
கறி காப்பாத்தலன்னு சொல்லாதீங்க. நாலு துண்டு போதலன்னு சொல்லுங்க. ஒரு முட்டையில 6 கிராம் புரதம். ஒரு கரண்டி சாம்பார்ல அதுல பாதி இருந்தா பெருசு.

பாளை டீச்சர்:
அந்த நாலு துண்டு யாருக்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு ரத்தசோகை. இவர்களிலும் பெரும்பாலோர் அசைவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் அப்பாவுக்கும் பையன்களுக்கும் துண்டு, பரிமாறிவிட்டு அடுக்களையில் உட்காரும் அம்மாவுக்கும் மகளுக்கும் சட்டியை வழித்த குழம்பு. என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் பதில் இதுதான். கறியில் இருக்கிற இரும்புச்சத்து கீரை இரும்பைவிட நன்றாக உடம்பில் சேரும் என்று படிக்கிறோம். துண்டே வராத தட்டுக்கு அதனால் என்ன?

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் தட்டு, பக்கத்தில் டீ டம்ளர். நூறு நூறாக எண்ணிக்கை சேரணும் என்பதற்காகச் சாப்பாட்டையே தள்ளிப்போடுகிறார்கள், பசிக்கு மறுபடி டீ. சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கிற டீ, தின்ற கீரையின் இரும்பையும் சேரவிடாது. இந்தப் பெண்ணிடம் போய் சைவம் நல்லதா அசைவம் நல்லதா என்று கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவளுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

குறுக்குத்துறையான்:
இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை டீச்சர். ஆனால் தீர்வு கறிதான் என்று நான் ஏற்கமாட்டேன். கறுப்பு உளுந்தில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கொடுத்த ஊர் இது. முருங்கைக்கீரை பொரித்து இறக்கினதும் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். ஆட்டுக்கறி கிலோ விற்கிற விலைக்கு எத்தனை கிலோ பயறு வாங்கலாம்!

பாளை டீச்சர்:
பயறு வாங்கிப் போடுகிற சைவ வீடு என்றால் எனக்கும் சந்தோஷம். பள்ளிச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். முட்டையில் 6 கிராம் புரதம், பழத்தில் 1 கிராம் அளவுக்கு. சைவப் பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வேண்டும் என்று சைவக்காரர்கள்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

குறுக்குத்துறையான்:
கேட்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் நானே எழுதிக் கொடுக்கிறேன். பி12-க்கு மாத்திரை இருக்கிறதே, அது சைவமா? மீன் எண்ணெய் மாதிரி எதிலிருந்தாவது எடுக்கிறார்களா?

லேப்காரன்:
பாக்டீரியாவை வளர்த்து எடுப்பதுதான் அண்ணாச்சி, மிருகத்திலிருந்து இல்லை. கேப்சூலாக இருந்தால் மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம், அது எலும்பு, தோலில் செய்வது. மாத்திரையாகவே கேட்டு வாங்குங்கள், அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் ரத்தம் கொடுங்கள். போட்ட பிறகு பார்த்தால் அளவு ஏறியிருக்கும், பழைய குறை தெரியாது. வீட்டில் மெட்பார்மின் போடுகிறவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாங்க.