செகண்ட்ஸ் லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப்: எதைப் பார்த்து வாங்கணும்?

கேள்வி: எக்செல், ஜூம், அடிக்கடி ரயில் பயணம். பட்ஜெட் 25,000. டி480 சரிவருமா?

பதில் 1: தாராளமா. ஆனா 7-ஆம் தலைமுறை இன்டெல் சிப்போட வந்த டி480-யும் உண்டு. விண்டோஸ் 11-க்கு 8-ஆவது வேணும். 1366x768 திரை வேண்டாம், எக்செல்லில் கண் போயிடும். ரேம் ஸ்லாட் 2, 8+8 ஜிபி போடலாம்.

பதில் 2: பேட்டரியும் ரெண்டு. உள்ளே 24 வாட்-ஹவர், பின்னாடி கழற்றுவது தனி. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, இப்போ ஃபுல் சார்ஜில் ஏறும் அளவு டிசைன் கபாசிட்டியில் (புதுசா இருந்தப்போ இருந்த அளவு) 60%-க்குக் கீழே இருந்தா விலையைக் குறைக்கச் சொல்லுங்க.

பதில் 3: டைப்-சி கேபிளை லேசா ஆட்டிப் பாருங்க. சார்ஜ் விட்டுவிட்டு ஏறினா வேண்டாம். போர்ட் மதர்போர்டிலேயே சால்டர் பண்ணினது, கெட்டா சுலபமா மாத்த முடியாது. வாங்கின அன்னைக்கே தண்டர்போல்ட் (டைப்-சி வழியா வேகமா டேட்டா அனுப்பும் வசதி) ஃபர்ம்வேர், அதாவது அதோட சிப்பில் இருக்கும் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணுங்க, பழைய ஃபர்ம்வேர் போர்ட்டைக் கெடுக்கும்.

கேள்வி கேட்டவர்: பயாஸ் (விண்டோஸ் ஏறும் முன்னாடி வரும் செட்டிங்ஸ்) பாஸ்வேர்ட் போட்டிருக்கான்னு எப்படிப் பாக்கறது?

பதில் 3: ஆன் பண்ணினதும் எஃப்1 அழுத்துங்க. பாஸ்வேர்ட் கேட்டா அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க.