பெரம்பூரில் வீடா?

குழு: பாபநாசம் வீட்டார்
சனிக்கிழமை, மாலை 6.12

நிவேதா: எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். முதல் மாடி, ஒரு படுக்கையறை, வாடகை 11,000. மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். நாளைக்குள் முன்பணம் கொடுத்தால்தான் வீடு நிற்கும் என்கிறார் வீட்டுக்காரம்மா. படங்கள் அனுப்புகிறேன்.

வைத்தி பெரியப்பா: பெரம்பூரா?

நிவேதா: [படம்] [படம்] [படம்]

வைத்தி பெரியப்பா: படம் இருக்கட்டும். பெரம்பூரா என்று கேட்டேன்.

நிவேதா: ஆமாம் பெரியப்பா.

அம்மா: நான் அப்போதே சொன்னேன்.

சரோஜா பெரியம்மா: [பலமுறை பகிரப்பட்டது]
எச்சரிக்கை!!! வட சென்னைவாசிகள் கவனத்திற்கு. இரவு 8 மணிக்கு மேல் கைக்குழந்தையுடன் ஒரு பெண் அழுதுகொண்டே கதவைத் தட்டுவாள். திறக்காதீர்கள். பின்னால் கத்தியுடன் பத்துப் பேர் ஒளிந்திருப்பார்கள். காவல்துறை உயர் அதிகாரியே சொன்னது. தாய்மார்கள் அனைவருக்கும் பகிரவும்.

குமார் சித்தப்பா: அண்ணி, போன ஆண்டு இதே பெண் மதுரையில் கதவைத் தட்டினாள். அதற்கு முன்பு பெங்களூரில் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்குழந்தைக்கு இந்நேரம் மீசை முளைத்திருக்கும்.

சரோஜா பெரியம்மா: உங்களுக்கு எல்லாமே கேலிதான். வந்ததை அனுப்பினேன். ஒரு முன்னெச்சரிக்கைதானே?

செந்தில்: அம்மா, அந்தச் செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறது, பாருங்கள். 2018 ஜூலையில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் செய்தி பகிர முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று ஆக்கினார்கள். அப்படியும் நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து நம்முடைய மூன்று குழுவிலும் போட்டிருக்கிறீர்கள்.

சரோஜா பெரியம்மா: பெற்ற தாயைக் குறுக்கு விசாரணை செய்கிறான், பாருங்கள்.

செந்தில்: விளையாட்டுக்குச் சொல்லவில்லை அம்மா. அந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது தெரியுமா? 2018 மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலைத் தேடிப் போனது. நாம் ஆடி மாதம் போகிறோமே, அதைப்போலத்தான். அத்திமூர் அருகே வழி கேட்க நின்றார்கள். கூட இருந்த வயதான அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று ஏற்கெனவே ஊரெல்லாம் செய்தி பரவியிருந்தது. அடித்தே கொன்றுவிட்டார்கள். அறுபத்தைந்து வயது. அந்த ஆண்டு வடக்கேயும் இப்படிப் பல ஊர்களில் நடந்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஐந்து கணக்கு.

சரோஜா பெரியம்மா: சிவசிவா.

சரோஜா பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வைத்தி பெரியப்பா: சரி, அது வதந்தி. ஆம்ஸ்ட்ராங் கொலையும் வதந்தியா? 2024 ஜூலை 5. ஒரு கட்சியின் மாநிலத் தலைவர். கூட ஆட்கள் இருக்கும்போதே, அதே பெரம்பூரில் வெட்டிப் போட்டார்கள். அடுத்த சில நாட்களில் சென்னை காவல் ஆணையரையே மாற்றினார்கள். நான் செய்தித்தாள் படிக்கிறவன். என்னிடம் கதை விடாதீர்கள்.

மீனா அத்தை: அண்ணா சொல்வதும் சரிதானே. நிவி, இங்கே எங்கள் மாடி காலியாகத்தான் கிடக்கிறது. வாடகையும் வேண்டாம். திருவான்மியூர் என்றால் நல்ல மனிதர்கள் இருக்கும் இடம். கடற்கரைக் காற்று, பக்கத்திலேயே மருந்தீசுவரர் கோயில். வேறென்ன வேண்டும் உனக்கு?

குமார் சித்தப்பா: அண்ணா, அந்த ராத்திரி நான் இங்கே இருந்தேன். நீங்கள் செய்தித்தாளில் படித்தீர்கள். எங்கள் தெருவில் சட்டரை இழுத்து மூடினார்கள். மூலைக்கு மூலை போலீஸ். அன்றைக்குப் பயம் இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். ஆனால் வந்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள், அவருக்காகவே வந்தார்கள். ஷிப்ட் முடிந்து சோற்றுக் கூடையோடு வருகிற நர்ஸை யாரும் தேடி வரவில்லை. ரௌடிகளுக்குள் பகை இங்கே இருக்கிறது; போலீஸ் அவர்களை ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருப்பதும் உண்மை. அவன் வெட்டினால் இவன் ஆள் வெட்டுவான். அந்தக் கணக்கில் நம் வீட்டுப் பெண் எங்கே வருகிறாள்?

குமார் சித்தப்பா: இன்னொன்றும் சொல்கிறேன். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அயனாவரம், பெரம்பூர்தான் எனக்கு ஊர். புளியந்தோப்பு முகவரியைப் பார்த்ததும் கடன் விண்ணப்பத்தை ஓரம் கட்டிய வங்கியை நான் பார்த்திருக்கிறேன். என்னுடன் வேலை பார்த்தவன், ஒரு தவணை தவறாதவன். வேலைக்கு மனுப்போடும்போது வியாசர்பாடி என்று எழுதாமல் மாமா வீட்டு முகவரியை எழுதுகிற பிள்ளைகளையும் தெரியும். அந்தப் பக்கம் கண்ணகி நகர் பிள்ளைகளுக்கும் இதே கதி. அவர்களா அங்கே போய் உட்கார்ந்தார்கள்? ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, பிறகு அதற்கு ரௌடி ஏரியா என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கேரம் போர்டில் உலகப் பட்டம் வாங்கிய காசிமா வட சென்னை ஆட்டோக்காரர் மகள். 2024-இல் மூன்று தங்கம். அந்த வாரம் மட்டும் எல்லோருக்கும் வட சென்னை இனித்தது. இங்கிருந்து துறைமுகத்துக்குப் போகிறவன், மீன் ஏற்றுகிறவன், ரயில் பெட்டிக்கு வெல்டிங் அடிக்கிறவன் எல்லோரும் மாலையானால் வீட்டுக்குத்தான் வருகிறார்கள், கத்தி தீட்டப் போவதில்லை.

வைத்தி பெரியப்பா: குமாரு, இது பொதுக்கூட்டம் இல்லை.

செந்தில்: 😀

செந்தில்: அத்தை, நல்ல மனிதர்கள் இருக்கும் இடம் என்றீர்கள். 2025 மார்ச் 25 காலையில் என்ன நடந்தது?

மீனா அத்தை: அதை ஏன் இப்போது எடுக்கிறாய்?

செந்தில்: திருவான்மியூர், பெசன்ட் நகர், கிண்டி, சைதாப்பேட்டை. பொழுது விடிந்ததும் வரிசையாகச் சங்கிலிப் பறிப்பு. நடைப்பயிற்சிக்குப் போன வயதான பெண்களாகப் பார்த்துப் பறித்தார்கள். செய்தவர்கள் வெளி மாநிலத்துக்காரர்கள். வேலையை முடித்துவிட்டு அதில் இரண்டு பேர் விமானத்தில் ஏறப் போனார்கள், விமான நிலையத்தில் பிடித்தார்கள். ஏன் அந்தப் பக்கம் போனார்கள்? கழுத்தில் தங்கம் அங்கேதான் நடக்கிறது. தெருவும் அகலம், ஆளும் குறைவு.

மீனா அத்தை: அன்றிலிருந்து நான் மஞ்சள் கயிற்றோடுதான் நடக்கப் போகிறேன். சங்கிலி பீரோவில். மாமாவுக்கு அதில் ஏக வருத்தம். ஆனாலும் அது எப்போதோ ஒரு நாள் நடந்தது, செந்தில்.

குமார் சித்தப்பா: அக்கா, உங்கள் பக்கம் நடந்தால் எப்போதோ ஒரு நாள். எங்கள் பக்கம் நடந்தால் ஏரியாவே அப்படி.

நிவேதா: அத்தை, உங்கள் வீட்டுக்கு வர எனக்கு ஆசைதான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். மாலை ஷிப்ட் இரவு 9 மணிக்கு முடியும். பெரம்பூரில் ரயில் ஏறிக் கடற்கரை நிலையம், அங்கே இறங்கி வேளச்சேரி பறக்கும் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். வீடு வரப் பத்தரை தாண்டும். போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது அந்த நேரத்தில் ரயிலில் வந்தேன். ஒவ்வொரு நிலையமும் கல்யாண மண்டபம் அளவு பெரிது, மனிதர்கள் இல்லை. பெண்கள் பெட்டியில் நானும் பூக்கூடைக்காரம்மா ஒருவரும்தான். அவர் மயிலாப்பூரில் ஏறினார், சேப்பாக்கத்தில் இறங்கிவிட்டார். அதற்கப்புறம் கடற்கரை வரைக்கும் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீனா அத்தை: அது என்னவோ உண்மைதான். எங்கள் திருவான்மியூர் நிலையத்தில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையே அடித்தார்களே. டிக்கெட் கொடுப்பவரைக் கட்டிப் போட்டுவிட்டு.

செந்தில்: அத்தை, அது 2022 ஜனவரி. 1.32 லட்சம் ரூபாய். முகமூடியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. டிக்கெட் கொடுத்தவரும் அவர் மனைவியும் சேர்ந்து போட்ட நாடகம். ஆன்லைன் சூதாட்டத்தில் விட்ட பணத்துக்காக. மறுநாளே பிடித்துவிட்டார்கள்.

மீனா அத்தை: அப்படியா? இது எனக்குத் தெரியாதே. கொள்ளை என்று மட்டும்தான் யாரோ அனுப்பினார்கள்.

அப்பா: நல்ல கூத்து.

வைத்தி பெரியப்பா: வக்கீல் ஐயா, சுற்றி வளைக்காதே. பெரம்பூரில் எத்தனை வழக்கு, திருவான்மியூரில் எத்தனை வழக்கு? கணக்கைப் போடு. எது கூடுதலோ அங்கே வேண்டாம். முடிந்தது.

செந்தில்: அப்பா, காவல் நிலையத்தில் பதிவானதுதான் கணக்கில் வரும். செல்போன் தொலைந்தது என்று போனால் பல இடங்களில் புகார் வந்தது என்பதற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் வழக்கு. அதனால் ஒழுங்காகப் புகார் வாங்குகிற நிலையத்தில் குற்றம் கூடினதுபோலத் தெரியும், விரட்டி அனுப்புகிற நிலையம் புண்ணிய பூமியாகத் தெரியும். நான் நீதிமன்றத்தில் பார்ப்பதையும் சொல்லட்டுமா? பெண்கள் மீதான வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் பெரும்பாலும் தெரிந்தவன். கணவன், காதலித்தவன், பக்கத்து வீட்டுக்காரன், உறவுக்காரன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் பாலியல் வன்கொடுமை வழக்குகளைப் பாருங்கள், ஆண்டுதோறும் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்தவன்தான். மயிலாப்பூரில் 2022-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய தம்பதியைக் கொன்ற வழக்கில் கைதானவர் வீட்டு ஓட்டுநர். மயிலாப்பூர்! அதைவிட நல்ல ஏரியா எது?

அம்மா: இப்படியெல்லாம் சொன்னால் அவளை எங்கேயும் விட முடியாது.

நிவேதா: அம்மா, அழாதே. நான் சொல்வதை முழுதாகக் கேள். இந்த வீட்டைப் பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்யவில்லை. நேற்று ஷிப்ட் முடிந்ததும், 9.15-க்கு மருத்துவமனை வாசலிலிருந்து வீடு வரைக்கும் தனியாக நடந்து பார்த்தேன்.

குமார் சித்தப்பா: தனியாக இல்லை. நான் ஐம்பதடி பின்னால் வந்தேன். அவளுக்குத் தெரியாது.

நிவேதா: தெரியும் சித்தப்பா. உங்கள் செருப்பின் வார் அடிக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அப்பா: நடந்ததைச் சொல்.

நிவேதா: முதல் பாதி பெரிய சாலை. மருந்துக் கடை, பரோட்டாக் கடை, ரீசார்ஜ் கடை எல்லாம் திறந்திருந்தன. வீடு இருக்கும் தெரு குறுகல். ஆனால் வாசற்படிகளில் பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்கள். இஸ்திரி வண்டிக்காரர் கரியை அணைத்துக்கொண்டிருந்தார். நான்கு வீடு தாண்டுவதற்குள் இரண்டு பேர் ‘யார் வீட்டுக்கும்மா?’ என்று கேட்டுவிட்டார்கள். எரிச்சல்தான். ஆனாலும் எனக்கு ஒன்று நடந்தால் அந்த இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

நிவேதா: பயமாக இருந்தது இரண்டுக்கும் நடுவில் உள்ள பகுதிதான். ரயில்வே மதில் ஓரமாக ஒரு சந்து. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பூட்டிய கிடங்கு. மூன்று விளக்குக் கம்பங்களில் நடுவில் உள்ளது எரியவில்லை. திரும்பும் இடத்தில் டாஸ்மாக் கடை. பத்து மணிக்கு மூடும்வரை அங்கே கூட்டம். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வைத்தி பெரியப்பா: அதுதான் பெரம்பூர்.

நிவேதா: பெரியப்பா, பாபநாசத்தில் ரயில் நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் வழியிலும் நான் சாவியை எடுத்து வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே. கேட்டதில்லை நீங்கள், அதனால் சொன்னதில்லை.

மீனா அத்தை: ஆமாம் அண்ணா. அந்த ஆலமரத்தடியில் நானும் ஓடித்தான் வருவேன்.

(பதினைந்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை.)

வைத்தி பெரியப்பா: அந்த விளக்குக்கு என்ன செய்தாய்?

நிவேதா: மாநகராட்சியின் 1913-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். கம்பத்தின் எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். எரியும்வரை அந்தச் சந்து வழியை விட்டுவிட்டுப் பெரிய சாலையிலேயே சுற்றி வருவேன். ஐந்து நிமிடம் கூடுதல். காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியும் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றுமில்லாவிட்டால் அவசர எண் 112 இருக்கிறது.

குமார் சித்தப்பா: 112 வருவதற்குள் நான் வந்துவிடுவேன்.

செந்தில்: செருப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள் சித்தப்பா.

அம்மா: வீட்டுக்காரர்கள் எப்படி?

நிவேதா: அவர்தான் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார் அம்மா. கல்யாணம் ஆகவில்லையா, தனியாக ஏன், இரவில் ஆண்கள் யாராவது வருவார்களா என்று மூன்று விதமாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். ஆதார் நகல், மருத்துவமனை அடையாள அட்டை, இரண்டு புகைப்படம் கேட்டிருக்கிறார், காவல் நிலையத்தில் கொடுக்க.

செந்தில்: 2012-இல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு வந்த பழக்கம். அவர்கள் வாடகை வீட்டில் இருந்தவர்கள். அன்றிலிருந்து, குடிவருகிறவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கொடுத்துவிடு நிவி. நகலின் குறுக்கே ‘குடியிருப்பு விவரத்துக்காக மட்டும்’ என்று எழுதித் தேதி போட்டுக் கொடு.

அப்பா: எனக்குச் சம்மதம். அண்ணா என்ன சொல்கிறாரோ.

வைத்தி பெரியப்பா: முன்பணம் எவ்வளவு?

நிவேதா: ஐந்து மாத வாடகை கேட்கிறார்.

வைத்தி பெரியப்பா: அந்த அம்மாவின் எண்ணை அனுப்பு. நான் பேசுகிறேன்.

குமார் சித்தப்பா: தேவையில்லை அண்ணா. நான் பேசி நான்காகக் குறைத்துவிட்டேன்.

வைத்தி பெரியப்பா: நான்கா? உன்னைக் காய்கறிச் சந்தைக்கே அப்பா அனுப்ப மாட்டார். எண்ணை அனுப்பம்மா நிவேதா. மூன்றுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது.