மேத்யூசன் கையெழுத்துப் பந்து: வாங்கலாமா?

வெள்ளவத்தை_சேகரம்:
பழைய அமெரிக்க பேஸ்பால் வீரர் கிறிஸ்டி மேத்யூசனின் கையெழுத்து என்று ஒரு பந்து இணைய ஏலத்தில் கிடக்கிறது. நேஷனல் லீக் பந்து, அந்த லீக்கின் தலைவர் ஃபோர்ட் ஃபிரிக்கின் பெயர் தோலில் அச்சாகியிருக்கிறது. சான்றிதழும் உண்டாம். எடுப்பித்தால் கடற்கரைப் பக்க ஃபிளாட்டில் பழுதாகாமல் வைத்திருக்கலாமா?

பழையமை:
எடுக்காதேங்கோ. மேத்யூசன் 1925 ஒக்டோபரில் இறந்தவர், ஃபிரிக் தலைவரானது 1934இல். மேத்யூசனுக்குப் பொருந்துவது முந்தின தலைவர் ஹெய்ட்லரின் (1918–34) பெயருள்ள பந்து அல்லது அதற்கும் முந்தின பந்து. கையெழுத்தை ஆராய முன்னம் பந்தின் வயதைப் பாருங்கோ. இன்னொரு பழைய வீரர் வோல்டர் ஜோன்சன் 1946 வரை இருந்தவர், ஆகவே அமெரிக்கன் லீக் தலைவர் ஹாரிட்ஜின் (1931–59) பெயருள்ள பந்து அவருக்குச் சரிவரும்.

அடுத்தது மை. போல்பொயின்ற் பேனை அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1945 ஒக்டோபரில். 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் ஊற்றுப்பேனைக் கோட்டின் இரு ஓரமும் கடும் நிறமாகவும் நடு வெளிறியும் தெரியும். போலி எழுதுகிறவர் மெல்ல மெல்ல வரைவதால் கோடு நடுங்கும், தொடக்கமும் முடிவும் மொட்டையாக நிற்கும்.

கொட்டாஞ்சேனை_80:
சான்றிதழ் என்றால் யாருடையது? பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற கையெழுத்துச் சரிபார்க்கும் நிறுவனம் என்றால் சான்றிதழ் இலக்கத்தை அவர்களின் தளத்திலேயே போட்டு, படம் இருந்தால் பந்தோடு ஒப்பிடுங்கள். ஸ்டிக்கரையும் போலியாக அடிக்கிறார்கள்.

முதலில் பந்துவீச்சாளர் சை யங்கின் கையெழுத்தைப் பார்க்கலாமே? 511 வெற்றி, 1955 வரை வாழ்ந்தவர், ரசிகர் கடிதங்களுக்குப் பதில் போட்டவர். அதனால் சரக்கு உண்டு. ஹோல் ஒஃப் ஃபேம் (பேஸ்பால் புகழ் மண்டபம்) தபாலட்டையில் அல்பர்டைப் நிறுவனத்தின் கறுப்பு வெள்ளை அச்சைத் தேடுங்கள். மஞ்சள் அட்டை 1964இல்தான் வந்தது, அதில் அவர் கையெழுத்து என்றால் சிரித்துவிட்டு விலகலாம்.

வெள்ளவத்தை_சேகரம்:
பந்தை விட்டாச்சு. அட்டை என்றால் லமினேட் பண்ணி வைக்கட்டா?

பழையமை:
ஐயோ, வேண்டாம்! புறக்கோட்டையில் போட்டோகொப்பிக் கடைக்காரர் இரண்டு நிமிசத்தில் செய்து தருவார், பிறகு கழற்ற வழியில்லை. பொலியெஸ்டர் உறை போதும். பி.வி.சி. உறை காலப்போக்கில் மையை இழுக்கும்.

ஈரம்தான் எதிரி. காற்றுப்புகாத பெட்டி, உள்ளே சின்ன ஈரமானி, செம்மஞ்சள் சிலிக்கா ஜெல். ஈரப்பதத்தை 45–50 வீதத்தில் வையுங்கோ. பந்து என்றால் 40க்குக் கீழே தோல் வெடிக்கும். ஜெல் பச்சையானதும் ஒவன் அடுப்பில் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் காய்ச்சி, ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். பூஞ்சணம் வந்தால் ஈரத்துணி தொடக்கூடாது, ஊற்றுப்பேனை மை கரைந்து போகும். மெல்லிய உலர் தூரிகைதான்.