ஸ்டாண்டனின் 1869: கோபமா, கொள்கையா?

மலர்விழி:
பெண்ணுரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டாண்டன் என்றாலே ‘நிறவெறி பிடித்தவர்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. 1848இல் அமெரிக்காவின் செனகா ஃபால்ஸ் மாநாட்டில் பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். அங்கே ஒருமனதாக நிறைவேறாத ஒரே தீர்மானம் அதுதான். மாநாட்டைச் சேர்ந்து கூட்டிய லுக்ரீஷியா மாட்டே தயங்கினார். ஏழு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவர் ஸ்டாண்டன்!

கதிரவன்:
அந்தத் தீர்மானத்துக்காக எழுந்து பேசியவர் யார்? அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ். நிறம் பார்த்து ஓட்டை மறுக்கக்கூடாது என்று சொல்லி, பெண்களைச் சேர்க்காமல் விட்ட அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் வந்தபோது ஸ்டாண்டன் அதை எதிர்த்தார். எதிர்த்ததோடு விட்டாரா? ‘தி ரெவல்யூஷன்’ பத்திரிகையில் கறுப்பின ஆண்களையும் குடியேறிகளையும் இழிவாக எழுதினார்.

மலர்விழி:
அந்த எழுத்தை நான் நியாயப்படுத்தவே இல்லை. ஆனால் உள்நாட்டுப் போரின்போது பெண்ணுரிமையை ஒதுக்கிவைத்து, அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி லட்சக்கணக்கில் கையெழுத்து திரட்டியவர் அவர். போர் முடிந்ததும் பழைய கூட்டாளிகளே “பெண்கள் பொறுங்கள்” என்றார்கள். 14ஆவது திருத்தத்தில்தான் ‘ஆண்’ என்ற சொல் அரசியலமைப்புக்குள் முதல்முறையாக நுழைந்தது. கோபம் வராதா?

யாழினி:
அக்கா, அந்த ஏமாற்றம் இன்னொரு வாக்குரிமைத் தலைவரான லூசி ஸ்டோனுக்கும் இருந்தது. அவர் 15ஆவது திருத்தத்தை ஆதரித்தாரே. ஃபிரான்சஸ் ஹார்ப்பரைப் பாருங்கள்: கவிஞர், கறுப்பினப் பெண். அந்தத் திருத்தத்தால் அவருக்கு ஓட்டு கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் இந்தத் திருத்தத்தை விவாதித்த 1869 சம உரிமைச் சங்கக் கூட்டத்தில், அதை ஆதரித்த டக்ளஸ் பக்கம் நின்றார். ‘படித்த பெண்ணுக்கு முன்னால் படிக்காத ஆணுக்கு ஓட்டா’ என்று ஸ்டாண்டன் கேட்டபோது, அந்தக் கணக்கில் ஹார்ப்பர் எங்கே இருந்தார்?

கதிரவன்:
அதே ஆண்டில் பெண் வாக்குரிமை இயக்கம் ஸ்டாண்டன் அணி, லூசி ஸ்டோன் அணி என இரண்டாக உடைந்தது, 1890இல்தான் மறுபடி சேர்ந்தது. இன்னொன்று. ஸ்டாண்டனும் அவருடைய நெருங்கிய தோழி சூசன் ஆண்டனியும் தொகுத்த வாக்குரிமை வரலாற்றில் லூசி ஸ்டோனின் சங்கத்துக்கு ஒரே ஒரு அத்தியாயம். அதை எழுதியது ஸ்டாண்டனின் மகள் ஹேரியட்!

மலர்விழி:
சரி, அந்த நூல் ஒருதலைப்பட்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 80 வயதில் ‘பெண்களின் பைபிள்’ வெளியிட்டாரே! பெண் அடங்கி நடக்க வேண்டும் என்று மதத்தின் பெயரால் சொன்னதை நேருக்கு நேர் கேட்டார். அவர் தலைமை தாங்கிய சங்கமே 1896இல் எங்களுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவியது. அப்போது ஸ்டாண்டனுக்காக வாதாடியவர்களில் முன்னால் நின்றவர் சூசன்தான். ஸ்டாண்டனின் இந்தத் துணிச்சலை எப்படி விட்டுவிட முடியும்?

யாழினி:
விடச் சொல்லவில்லை அக்கா. 1866இல் நியூயார்க் மாநாட்டில், ஸ்டாண்டனும் பங்கெடுத்த மேடையில், “வெள்ளைக்காரப் பெண்களே, நீங்கள் உரிமைகளைப் பேசுகிறீர்கள், நான் அநீதிகளைப் பேசுகிறேன்” என்றார் ஹார்ப்பர். செனகா ஃபால்ஸ் மாநாட்டின் பெண்ணுரிமைப் பிரகடனத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது இந்த உரையையும் சேர்த்துச் சொல்லித் தர வேண்டும் என்கிறேன்.